வீடு திரும்பிய பிறகும் விலகாத ஆபத்து: அறுவை சிகிச்சையும் ரத்த உறைவும் – வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைவதைப் பற்றி ஒரு வாசகிக்குச் சில வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தில்லி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் தெரிந்த கவலையைப் பார்த்த பிறகு, இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்குவதுதான் சரி என்று தோன்றியது. ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துவந்து இங்கே அறுவை சிகிச்சை செய்வித்தவர்கள், செய்துகொண்ட கையோடு ரயிலேற நினைப்பவர்கள், டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருந்த ஊசியைப் பாதியில் நிறுத்தியவர்கள் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். மருந்தின் அளவையும் நாள்களையும் பொறுத்தவரை, உங்களை நேரில் பரிசோதித்த மருத்துவர் சொல்வதே முடிவானது.

என் அம்மாவுக்கு வயது 68. திருச்சியிலிருந்து அழைத்துவந்து, இரண்டு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தோம். ஐந்தாம் நாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். தினமும் வயிற்றில் போட்டுக்கொள்ள ஓர் ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வயிறெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கிறது. "நடக்கிறவளுக்கு எதுக்குடி இந்த ஊசி?" என்று அம்மா மறுக்கிறார். ஊசியின் விலையும் குறைவாக இல்லை. நிறுத்திவிடலாமா, டாக்டர்?
– வாசகி, மயூர் விகார்

நிறுத்த வேண்டாம். எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறார்களோ, அத்தனை நாளும் போட்டு முடியுங்கள். அம்மா நடப்பது மிகவும் நல்லது. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால், இரண்டு மூட்டுகளையும் மாற்றிக்கொண்ட 68 வயதுப் பெண்மணிக்கு நடை மட்டும் போதுமான பாதுகாப்பு ஆகாது. ஏன் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னால் அவர் ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன்.

காலுக்கு வந்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களைச் சிரைகள் என்கிறோம். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி, ஆழத்தில் ஓடும் சிரைகளைப் பிழிந்து, ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. மயக்க மருந்தில் அசையாமல் கிடக்கும்போதும், அடுத்து வரும் நாள்களில் வலிக்குப் பயந்து காலை நீட்டியே வைத்திருக்கும்போதும் இந்த வேலை நடப்பதில்லை; சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகளின் இடுக்கில் ரத்தம் தேங்குகிறது. மூட்டு மாற்றும்போது எலும்பை அறுப்பதாலும், ரத்தப்போக்கைத் தடுக்கத் தொடையில் இறுக்கமாகப் பட்டை கட்டுவதாலும் சிரைகளின் உட்சுவர் பாதிக்கப்படுவதும் உண்டு. இவை இரண்டும் பெரும்பாலும் ஆபரேஷன் மேசையோடு தொடர்புடையவை. வீட்டுக்கு வந்த பிறகும் தொடர்வது மூன்றாவது காரணம். உள்ளே ஏற்பட்ட காயத்தை ஆற்றும் முயற்சியில், ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை உடல் வழக்கத்தைவிட அதிகமாக உற்பத்தி செய்கிறது. அந்த நிலை தையல் பிரித்த பிறகும் வாரக்கணக்கில் நீடிக்கிறது. அம்மா நடக்கலாம், சமையலறை வரை போய்த் தாளிக்கக்கூடச் செய்யலாம். அப்போதும் அவருடைய ரத்தம் எளிதில் உறையக்கூடிய நிலையில்தான் இருக்கிறது.

பிரிட்டனில் 9 லட்சத்து 47 ஆயிரத்துக்கும் அதிகமான நடுத்தர வயதுப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. மருத்துவமனையில் தங்கி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 140 பேருக்கு ஒருவர் வீதம், அடுத்த 12 வாரங்களுக்குள் ரத்த உறைவால் பாதிக்கப்பட்டு மீண்டும் மருத்துவமனைக்கு வர நேர்ந்தது. அறுவை சிகிச்சை எதுவும் செய்துகொள்ளாதவர்களிடையே அதே 12 வாரக் கணக்கு 6,200 பேருக்கு ஒருவர்தான். இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர்களிடம் அது 45 பேருக்கு ஒருவராக உயர்ந்தது. அந்த ஆபத்து உச்சத்தைத் தொட்டது அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாவது வாரத்தில் என்பதை அம்மாவிடம் அவசியம் சொல்லுங்கள். மூன்றாவது வாரத்தில் யாரும் மருத்துவமனையில் இருப்பதில்லை. எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறார்கள். அதனால்தான் முழங்கால் மாற்றத்துக்குக் குறைந்தது 10 முதல் 14 நாள்களும், இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு ஏறத்தாழ 35 நாள்களும் தடுப்பு மருந்து கொடுக்கிறோம். முழங்காலுக்கும் சிலருக்கு 35 நாள் வரை நீட்டுவதுண்டு.

நீலம் பாரிப்பதைப் பெருமளவு குறைக்கலாம். அம்மாவைச் சாய்ந்து உட்காரவோ படுக்கவோ வையுங்கள். தொப்புளிலிருந்து குறைந்தது இரண்டு அங்குலம் தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில் தோலை இரு விரல்களால் மடிப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்பே மருந்து நிரப்பி வரும் ஊசியில் தெரியும் காற்றுக்குமிழியை வெளியேற்ற வேண்டாம். அது இருக்க வேண்டியதுதான். ஊசியைச் செங்குத்தாக முழுவதும் உள்ளே செலுத்தி, மருந்தை மெதுவாக ஏற்றி, ஊசியை எடுக்கும் வரை மடிப்பை விடாதீர்கள். எடுத்த பின் தேய்க்கவே கூடாது. நம் வீடுகளில் ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிடுவது பழகிப்போன செயல். இந்த ஊசியைப் பொறுத்தவரை நீலத் திட்டுகளுக்கு அதுவே பெரும்பாலும் காரணமாகிறது. இன்று இடப்பக்கம் என்றால் நாளை வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஈறில் ரத்தம் கசிந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, அறுவை சிகிச்சை செய்த இடம் திடீரென்று வீங்கினாலோ உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். வலி தாங்கவில்லை என்று கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த ஊசியோடு சேரும்போது அவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

ஊசியே வேண்டாம் என்று அம்மா பிடிவாதமாக இருந்தால், மருந்தை நிறுத்துவதற்கு முன் அறுவை மருத்துவரிடம் போய், மாத்திரையாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ரிவரோக்ஸாபன், அபிக்ஸாபன் ஆகிய மாத்திரைகள் மூட்டு மாற்றத்துக்குப் பிறகு நன்றாகப் பயன்படுகின்றன. ஆபத்து குறைந்தவர்களுக்குச் சில நாள்கள் கழித்து ஆஸ்பிரினுக்கு மாற்றுவதும் உண்டு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, ஏற்கெனவே வயிற்றுப்புண் உண்டா என்பதையெல்லாம் பார்த்து அவர் முடிவு செய்வார்.

என் தம்பிக்குக் குடலில் அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாகத் தேறி வீட்டுக்கு வந்தான். பத்தாம் நாள் காலையில் கழிப்பறைக்குப் போனவன், மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டே சாய்ந்துவிட்டான். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஹார்ட் அட்டாக் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, அது ரத்தக்கட்டியாக இருந்திருக்குமோ என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை. எனக்கு 66 வயது. அடுத்த மாதம் பித்தப்பையை எடுக்க வேண்டும் என்கிறார்கள்.
– ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர், ஆர்.கே.புரம்

தங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தங்கள் துயரத்துக்கு என் அனுதாபங்கள். பிரேதப் பரிசோதனை செய்யாத நிலையில், தம்பியின் உயிரைப் பறித்தது இன்னதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, மாரடைப்பாகவும் இருந்திருக்கலாம். ஆனால், தாங்கள் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. காலிலோ இடுப்புப் பகுதியிலோ உள்ள சிரையில் உருவான கட்டி பெயர்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாகச் சென்று, நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை அடைத்துவிடும்போது, தாங்கள் எழுதியிருப்பதைப் போலவே நிகழ்வதுண்டு. நாள் முழுவதும் படுத்திருந்தவர் எழுந்து நடக்கும்போதோ, கழிப்பறையில் முக்கும்போதோ கட்டி பெயர்வதை மருத்துவமனைகளில் பணிபுரிபவர்கள் அறிவார்கள். பெரிய கட்டியாக இருந்தால் சிகிச்சைக்கே அவகாசம் கிடைப்பதில்லை. வீட்டில் இருந்தவர்கள் வேறு ஏதாவது செய்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று தங்களைத் தாங்களே வருத்திக்கொள்ள வேண்டாம். அந்த நிமிடத்தில் வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இருந்திருக்காது.

இதைத் தடுக்க வேண்டிய இடம் அதற்கு முந்தைய நாள்களில் இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் வி.வி.காக்கர் ஒருங்கிணைத்து, பல நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 1975இல் வெளிவந்தது. 40 வயதைத் தாண்டி, பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4,121 பேர் அதில் இடம்பெற்றார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைச் சிறிய அளவில் போட்டார்கள். மீதிப் பேருக்குப் போடவில்லை. ஊசி போடாதவர்களில் 16 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. போட்டவர்களில் அப்படி இறந்தவர்கள் 2 பேர். அரை நூற்றாண்டுக்கு முன்பே இவ்வளவு தெளிவாகத் தெரிந்துவிட்ட ஒன்று, இன்றும் நம் நாட்டில் ஒவ்வொரு நோயாளியையும் சென்றடையவில்லை என்பதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு.

தங்கள் பித்தப்பை அறுவை சிகிச்சைக்கு வருவோம். லேப்ராஸ்கோபி முறையில், சிறிய துளைகள் வழியாகச் செய்யும் இந்தச் சிகிச்சையில் பெரும்பாலானவர்கள் அன்று மாலையே எழுந்து நடந்துவிடுகிறார்கள். பொதுவாக ஆபத்து குறைவு. ஆயினும் தங்கள் வயதையும், உடன்பிறந்தவருக்கு நேர்ந்ததையும் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஜோசப் கேப்ரினி வகுத்த ஒரு மதிப்பெண் முறையைப் பல மருத்துவமனைகள் பின்பற்றுகின்றன. அதன்படி 61 முதல் 74 வயது வரை உள்ளவருக்கு 2 மதிப்பெண். 45 நிமிடத்துக்கு மேல் நீளும் லேப்ராஸ்கோபிக்கு 2. குடும்பத்தில் ரத்த உறைவு இருந்திருந்தால் 3. ஐந்தைத் தொட்டாலே அதிக ஆபத்து என்று கொள்வது வழக்கம். எனவே, தம்பிக்கு நடந்தது உறுதி செய்யப்படாத ஒன்று என்பதையும் சேர்த்தே, அறுவை மருத்துவரிடமும் மயக்க மருந்து தருபவரிடமும் முழுவதையும் சொல்லுங்கள். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். தடுப்பு ஊசி வேண்டுமா, அல்லது கால்களில் உறை மாட்டிக் காற்றை ஏற்றி இறக்கி அமுக்கிவிடும் இயந்திரமே போதுமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் என்றால் ஜனவரிக் குளிர். பனியையும் புகையையும் பார்த்துவிட்டு, ரஜாய்ப் போர்வைக்குள் போனவர் மறுநாள் பத்து மணிக்குத்தான் வெளியே வருவது என்ற வழக்கம், அறுவை சிகிச்சைக்குப் பிறகான இரண்டு வாரங்களுக்கு வேண்டாம். வெளியே போகத் தேவையில்லை; குவார்ட்டர்ஸின் கூடத்துக்கும் பின்கட்டுக்கும் இடையே மணிக்கு ஒருமுறை நடந்தாலே போதும். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டிருங்கள். குளிருக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

அப்பாவுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. இரண்டு நாளாக இடது கெண்டைக்கால் வலிக்கிறது, கொஞ்சம் வீக்கமும் தெரிகிறது. நரம்பு இழுத்துப் பிடித்திருக்கிறது, சூடாக நல்லெண்ணெய் தடவி நன்றாக உருவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் பெரியப்பா. செய்யலாமா?
– வாசகர், முனிர்க்கா

கையை எடுத்துவிடச் சொல்லுங்கள். பெரியப்பாவின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால், உள்ளே கட்டி இருந்தால், அழுத்தி உருவுவது அதைப் பெயர்த்துவிடக்கூடும். எண்ணெயும் வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். இந்தக் கடிதம் வந்த அன்றே தங்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன் என்றாலும், இதே நிலையில் இருக்கக்கூடிய மற்றவர்களுக்காக இங்கே விரித்து எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சைக்குப் பின் இரண்டு கால்களும் சமமாக, மாலை நேரத்தில் லேசாக வீங்குவதற்கு வேறு பல காரணங்கள் இருக்கலாம். ஒரே கால் மட்டும் வீங்குவதுதான் நம்மை எழுந்து உட்காரவைக்க வேண்டும். ஒரு தையல் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே, கால் எலும்பின் முன்புறத்தில் ஒரு மேடு கைக்குத் தட்டுப்படும். அதிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, இரண்டு கால்களிலும் அதே இடத்தில் சுற்றளவை அளந்து பாருங்கள். மூன்று சென்டிமீட்டரோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தாலும், ஒரு பக்கம் மட்டும் வலியும் சூடும் இருக்கிறதென்றால் பொறுத்திருக்கக் கூடாது. தோல் சிவந்துபோகும் என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். நம்மில் பலருடைய நிறத்துக்கு அது கண்ணுக்கே தெரியாது, தொட்டுப் பார்த்தால் தெரியும் சூடுதான் அடையாளம்.

அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். ஸ்கேன் கருவியை வைத்துச் சிரையை அழுத்திப் பார்ப்பார்கள். கட்டி இல்லாத சிரை அழுத்தினால் அமுங்கிவிடும், கட்டி உள்ள சிரை அமுங்காது. வலியோ ஊசியோ இல்லாத பரிசோதனை இது. டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையைச் சிலர் முதலில் எடுக்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்த வாரங்களில் அது எல்லோருக்குமே கூடுதலாகத்தான் காட்டும் என்பதால், அதை வைத்து முடிவுக்கு வருவது கடினம். முனிர்க்காவிலிருந்து சஃப்தர்ஜங் மருத்துவமனையும் எய்ம்ஸும் பக்கம்தான். அவசரப் பிரிவுகள் இரவும் பகலும் திறந்திருக்கின்றன. மூச்சுத் திணறல், இழுத்து மூச்சு விடும்போது நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், காரணமில்லாத படபடப்பு, தலைசுற்றி விழுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் ஆட்டோ தேடிக்கொண்டிருக்காமல் 112ஐ அழையுங்கள். கால் துளியும் வீங்காமலே இவை வருவதும் உண்டு.

கட்டி என்று உறுதியானால் பயப்பட வேண்டாம். ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மருந்தைக் குறைந்தது மூன்று மாதம் எடுத்துக்கொண்டால் பெரும்பாலோர் நலமாகிவிடுகிறார்கள். கவனிக்காமல் விட்டவர்களில் சிலருக்கு அந்தக் கால் ஆண்டுக்கணக்கில் வீங்கியே இருந்து, தோல் கறுத்து, ஆறாத புண்ணில் போய் முடிகிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய், நம்மவர்களுக்கு அபூர்வம் என்று மருத்துவம் தெரிந்த நண்பர் ஒருவர் சொல்கிறாரே?
– வாசகர், கரோல் பாக்

நான் மருத்துவம் படித்த காலத்தில் எங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். தேடிப் பார்க்காததால் கண்ணில் படவில்லை என்பதே உண்மை. சீனா, தென் கொரியா, தைவான், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஏழு ஆசிய நாடுகளின் 19 மருத்துவமனைகளில், தடுப்பு மருந்து தராமல் இடுப்பு, முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆய்வு 2005இல் வெளியானது. அவர்களில் 41 சதவீதத்தினரின் கால் சிரைகளில் கட்டி இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை வெளியே தெரியாமல் தாமே கரைந்துவிடக்கூடியவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும், மேலை நாடுகளில் கண்ட எண்ணிக்கைக்கு இது குறைந்ததில்லை. இந்திய மருத்துவமனைகளில் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், ரத்த உறைவு அபாயம் உள்ளவர்கள் என்று கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ 17 சதவீதத்தினருக்கு மட்டுமே முறையான தடுப்பு கிடைத்திருந்தது. நண்பர் சொல்லும் அந்தப் பழைய நம்பிக்கைக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

எனக்குச் சிசேரியன் ஆகி ஆறு நாள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், பச்சை உடம்புக்காரி அதிகம் தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும், வயிறு தொங்கிவிடும் என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தருவதில்லை. கட்டிலை விட்டு இறங்கவும் விடுவதில்லை. அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
– இளம் தாய், ஜனக்புரி

இந்தப் பக்கத்தை அவரிடமே படித்துக் காட்டுங்கள் அம்மா. பேரக்குழந்தைக்காக ஊரை விட்டு வந்து உங்களைப் பார்த்துக்கொள்பவர், உங்கள் நலனுக்கு என்றால் நிச்சயம் கேட்பார்.

பிரசவத்தின்போது அதிக ரத்தம் போய்விடக் கூடாது என்பதற்காக, கருவுற்ற காலத்திலேயே பெண்ணின் ரத்தம் எளிதில் உறையும்படி இயற்கையாகவே மாறிவிடுகிறது. குழந்தை பிறந்ததும் அது உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. முதல் ஆறு வாரங்கள் வரை, அதிலும் முதல் சில வாரங்களில், ரத்தக்கட்டி ஏற்படும் வாய்ப்பு மிகவும் கூடுதலாக இருக்கிறது. சிசேரியன் என்றால் இன்னும் சற்று அதிகம். இப்படிப்பட்ட உடம்புக்குத் தண்ணீரைக் குறைத்து, படுக்கையிலேயே வைத்திருப்பது இரண்டு பக்கமும் கேடு. தண்ணீரால் தையல் சீழ் பிடிக்காது. தாய்ப்பால் கொடுப்பவருக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே நீர் வேண்டும். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள், வெதுவெதுப்பாகக் குடிப்பதால் மாமியாருக்கு மனநிறைவு என்றால் அப்படியே குடிக்கலாம். பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம் போன்ற பத்தியச் சமையலைப் பொறுத்தவரை எனக்கு மறுப்பு இல்லை. மருத்துவர் ஊசி எழுதியிருந்தால் மட்டும் லேகியம் முதலிய எல்லாவற்றையும் அவரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

அறுவை சிகிச்சை நடந்த மறுநாளிலிருந்தே எழுந்து நடக்க வேண்டும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் உலாவுவதும் நடைதான். எடை மிகுதி, 35 வயதுக்கு மேல், அவசரமாகச் செய்த சிசேரியன், ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம் என்று வேறு காரணங்கள் சேர்ந்திருந்தால் பத்து நாளோ, சிலருக்கு ஆறு வாரமோ ஊசி தேவைப்படும். அந்த ஊசியால் தாய்ப்பாலுக்குத் தீங்கு இல்லை. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் கட்டி பெரும்பாலும் இடது காலில்தான் வருகிறது. இடது தொடை வலித்தாலோ வீங்கினாலோ பிரசவ வலியின் மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளை இப்போது தொடங்கக் கூடாது.

நாங்கள் மூன்று தலைமுறையாகச் சைவம். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி பன்றியிலிருந்து எடுக்கப்படுவதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?
– வாசகி, லோதி காலனி

உண்மைதான். ஹெப்பாரினும், அதிலிருந்து தயாராகும் எனாக்ஸாபரினும் பன்றியின் குடலின் உட்சவ்விலிருந்து பெறப்படுபவை. இதே கேள்வியை இஸ்லாமிய வாசகர் ஒருவரும் கேட்டிருக்கிறார். நோயாளிக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை என்று நான் கருதுகிறேன்; பின்னால் தெரியவந்து, பாதியில் நிறுத்திவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முழுவதும் ஆய்வகத்தில் தயாராகும் ஃபோண்டாபரினக்ஸ் என்ற ஊசி இருக்கிறது. முன்பு சொன்ன மாத்திரைகளின் மருந்துப்பொருளும் ஆய்வகத்தில் தயாராவதே. அறுவை சிகிச்சைக்கு முந்தைய சந்திப்பிலேயே உங்கள் விருப்பத்தைச் சொல்லிவிட்டால் மாற்றுவது எளிது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த மாற்றுகள் எல்லாம் பொருந்தாமல் போகலாம் என்பதால், மருத்துவரோடு பேசியே முடிவெடுங்கள்.

குளியலறையில் வழுக்கி விழுந்து என் மாமனாருக்கு (வயது 74) இடுப்பு எலும்பு முறிந்து, பிளேட் வைத்து அறுவை சிகிச்சை நடந்து 12 நாள் ஆகிறது. சொந்த ஊரான மாயவரத்துக்குப் போயே தீருவேன் என்கிறார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏ.சி. பெட்டியில் அழைத்துப் போகலாமா, விமானம் நல்லதா?
– வாசகர், துவாரகா

இப்போது இரண்டும் வேண்டாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கே ஏறக்குறைய 33 மணி நேரம். அங்கிருந்து மாயவரத்துக்கு இன்னொரு வண்டி. நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தபடியே செய்யும் எந்தப் பயணமும், விமானமோ ரயிலோ பேருந்தோ காரோ எதுவானாலும், நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கே ரத்தக்கட்டி அபாயத்தை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் தெரிவித்தது. மாமனாரோ வயது, எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை என மூன்றையும் சுமந்துகொண்டிருக்கிறார். ஐந்து வாரத் தடுப்பு மருந்து முடிந்து, அவர் தாமாக வாக்கரில் நடமாடத் தொடங்கி, ஆறாவது வாரம் எலும்பு மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு கிளம்பலாம்.

ஊர் ஆசை அவருக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நான்கு வாரம் பொறுத்தால் நிம்மதியாகப் போகலாம் என்று, நாள்காட்டியில் தேதியைக் குறித்து, பயணச்சீட்டையும் பதிவு செய்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள், காத்திருப்பது சுலபமாகும்.

அப்போது விமானம் என்றால் உட்கார வேண்டிய நேரம் குறைவு. சக்கர நாற்காலியும் ஏற்பாடு செய்யலாம். ரயிலையே அவர் விரும்பினால், கழிப்பறைக்குப் பக்கமாகக் கீழ்ப்படுக்கை கிடைக்கும்படி பாருங்கள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை கையைப் பிடித்து நடைபாதையில் நடக்கவையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை அசைத்துக்கொண்டே இருக்கட்டும். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைத் தவிர்ப்பவர்கள் வயதானவர்களில் அதிகம். அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். தூக்க மாத்திரை கொடுக்க வேண்டாம். பயண நாள்களுக்கும் தடுப்பு மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஊசியாகவே எழுதிக் கொடுத்தால், அதை 25 டிகிரிக்கு மேல் சூடேறவிடாமல், உறையவும் விடாமல் வைத்திருக்க வேண்டும். நடைமேடையில் காத்திருக்கும்போது, வெயில் படும்படி அதைப் பெட்டியின் வெளிப்பையில் வைக்காதீர்கள். டிஸ்சார்ஜ் தாளின் நகல் ஒன்று அவர் சட்டைப்பையிலும் இருக்கட்டும். வழியில் மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லி, 139ஐ அழையுங்கள். அடுத்து நிற்கும் நிலையத்தில் மருத்துவரை வரவழைப்பார்கள். சென்னை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னாலும் கேட்காமல் அங்கேயே இறக்கி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.